வதனி போகாத நான்கு நாட்கள்

மொன்றியலின் ரொக்ஸ்பரோவை விட்டு அசையாமலே கென்ட் நகரத்தை வதனி கரைத்துக் குடித்திருந்தாள். பெல்ஜியத்தின் பிளெமிஷ் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய நகரத்தைப் பற்றி, பிள்ளைகளுக்கென்று பிரெஞ்சில் எழுதிய வழிகாட்டி ஒன்றை நூலகத்தில் எடுத்து, மூன்று தரம் தவணை நீட்டி வைத்திருந்தாள். ஆற்றங்கரையில் படகு எங்கே ஏறுவது, மணிக்கூண்டில் மின்தூக்கி எத்தனையாவது தட்டில் தொடங்குகிறது, பிரபுக்களின் கோட்டைக்குள் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயம் தரக்கூடிய அறை எது, மூக்குப் போல் கூரான ஊதா நிற இனிப்பை எந்தச் சந்தைமுனையில் வண்டியில் வைத்து விற்கிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து நான்கு நாளுக்கு ஒரு பட்டியல் போட்டாள். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஏழு மணி வரைக்கும் மூச்சுவிட இடமில்லாத பட்டியல்.

மூச்சுவிட இடம் வைக்காததற்குக் காரணம் இருந்தது. கணவன் நிரூபனின் அக்கா றோசா கென்ட்டில்தான் குடியிருந்தாள். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் அவளும் புருஷன் அருமைராசாவும். பிள்ளைகள் இல்லை. "அக்காவைப் போய்ப் பாக்கவேணும்" என்று நிரூபன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் வதனி ஒப்புக்கொண்டாள். ஆனால் ஹோட்டலில் தங்குவது, ஊர் பார்ப்பது, ஒரே ஒரு நாள் மத்தியானம் மச்சாள் வீட்டில் சாப்பிடுவது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். பட்டியலில் அந்தச் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஒதுக்கியிருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் வேலையால் வந்த நிரூபன் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னான். "அக்கா லீவு எடுத்திட்டாவாம். நாலு நாளும் எங்களோட சுத்தப்போறாவாம். ஹோட்டல் வேண்டாம், தன்ர வீட்டிலதான் நிக்கவேணும் எண்டு சொல்லுறா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டிட்டன்."

வதனி அடுப்பைக் குறைத்தாள். "அப்ப நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு கார்டெரியில லீவு தரமாட்டினமாம்."

அவள் வேலை செய்யும் பிள்ளைகள் காப்பகத்திலிருந்து லீவு தந்தாயிற்று என்று வந்த கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியபடி இருந்தது. நிரூபன் அதைப் பார்த்தான். அவளும் அவன் பார்த்ததைப் பார்த்தாள். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனான்.

வதனிக்கு மச்சாளோடு என்ன கோபம் என்று நிரூபனுக்குத் தெரியாது. றோசாவுக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அதை வதனி ஒருத்தி மட்டும் வைத்திருந்தாள்.

மூத்தவள் கோபிகா பிறந்தது ஒரு பெப்ரவரியில். அப்போது அவர்கள் மொன்றியலிலேயே கார்ட்டியர்வில்லில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தட்டில் இருந்தார்கள். வதனியின் தாய் திருகோணமலையில், விசா கிடைக்கவில்லை. ஆகவே றோசா மூன்று மாதம் சம்பளமில்லாத லீவில் வந்து நின்றாள். வந்த நாளிலிருந்து வீடு அவள் கைக்குப் போயிற்று. பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்துக் கறி வைத்தாள், பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தாள், இரவில் எழும்பிப் புட்டிப்பால் கரைத்தாள். வதனி படுத்தே கிடந்தாள். உடம்பில் நோவு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. பிள்ளை அழுதால் அது யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது போலக் கேட்டது. மடியில் கொண்டுவந்து வைத்தால் கை தூக்கி அணைக்க மனம் வரவில்லை. அது ஒரு வருத்தம், அதற்கு மருந்தும் பெயரும் உண்டு என்பதெல்லாம் பல வருடம் கழித்து கார்டெரிக்கு வரும் தாய்மாரைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது.

அப்படி ஒரு நாள் மத்தியானம், அடுத்த அறையில் றோசா புருஷனோடு தொலைபேசியில் கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"நான் வந்திராட்டி இந்தப் பிள்ளை செத்துப்போயிருக்கும். தாயெண்டு ஒருத்தி கிடக்கிறாள், மரக்கட்டை மாதிரி."

அவ்வளவுதான். பிறகு அவர்கள் வேறு ஏதோ கதைத்தார்கள். ஆனால் வதனிக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. மூன்று மாதம் முடிந்து றோசா அழுதழுது விமானம் ஏறியபோது வதனி ஒரு கையசைப்போடு நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு நத்தார்ப் பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் றோசா தொலைபேசி எடுப்பாள். வதனி இரண்டு வார்த்தை சொல்லி, போனை நிரூபனிடமோ பிள்ளைகளிடமோ நீட்டிவிடுவாள். இளையவள் ரக்ஷனா பிறந்தபோது வரட்டுமா என்று றோசா கேட்டாள். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று வதனி சொன்னாள். ஆள் ஒருவரும் இருக்கவில்லை.

ஜூலையில் தகப்பனும் பிள்ளைகளும் புறப்பட்டுப் போனார்கள். பட்டியலை வதனி அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோபிகாவிடம் கொடுத்திருந்தாள்.

முதல் நாள் காலை அவள் எழும்பியபோது அங்கே மத்தியானம் பன்னிரண்டு. படங்கள் வந்து குவிந்திருந்தன. ஆற்றின் இரு கரையிலும் படிப்படியாக மேலே குறுகும் முகப்புக் கொண்ட பழைய வீடுகள். மூன்று கோபுரங்கள் ஒரே வரிசையில். ட்ராமுக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் றோசா. மச்சாள் மெலிந்துவிட்டாள் என்றுதான் வதனி முதலில் நினைத்தாள். வயது போனால் சிலர் மெலிவார்கள்.

பின்னேரம் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் எடுத்தார்கள். தாங்கள் பிரெஞ்சில் கேட்டால் கென்ட் ஆட்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று கோபிகாவுக்கு ஆச்சரியம். மணிக்கூண்டின் உச்சியில் நிற்கும் ட்ராகனைப் பற்றி ரக்ஷனா மூச்சுவிடாமல் சொன்னாள். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு முறைப்பாடும் சொன்னாள். மாமியோடு போனால் நடக்கவே ஏலாது, தெருவோரத்தில் கண்ட கண்ட வாங்கில் எல்லாம் மாமி குந்தி இருக்கிறா. மணிக்கூண்டுக்கும் ஏறவில்லையாம். கீழே இருந்து கையைக் காட்டினாவாம்.

"லிஸ்டில எத்தினையாவதுக்கு வந்திருக்கிறீங்கள்?" என்று வதனி கேட்டாள். ஐந்தில் நிற்கிறோம் என்றாள் கோபிகா. அன்றைக்கு ஒன்பது முடிந்திருக்க வேண்டும்.

கார்ட்டியர்வில் காலத்துச் சிநேகிதி மீனாம்பிகையிடம் அன்றிரவு வதனி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஊர் காட்டுறன் எண்டு லீவெல்லாம் எடுத்திட்டு, மனுசி வாங்கு வாங்கா இருந்து காத்து வாங்குதாம்." இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் பட்டியல் அடியோடு குழம்பியது. கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் சில தெருவிளக்குகள் உண்டு. கென்ட்டில் ஒரு பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தாயோ தகப்பனோ ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த விளக்குகள் மெல்ல மெல்லப் பிரகாசமாகி, பிறகு அடங்கும். றோசா அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அதைப் பார்க்காமல் எழும்ப மாட்டோம் என்று வாங்கில் இருந்துவிட்டார்கள். காகிதச் சுருளில் வாங்கிய பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு ஒன்றரை மணித்தியாலம். படகு தவறிப்போயிற்று. விளக்கு எரிந்ததும் ரக்ஷனா எழும்பி நின்று கை தட்டினாளாம். வழியில் போனவர்களும் நின்று தட்டினார்களாம்.

படகை நாளைக்காவது பிடியுங்கள் என்று மட்டும் வதனி சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு, கார்டெரிப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு சின்னக் கையையும் கயிற்று வளையத்தில் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. றோசா.

"வதனி, வேலையோ?"

"ஓம் மச்சாள். வெளியில வெளிக்கிடுறம்."

"பிள்ளையளும் தம்பியும் கோட்டைக்குள்ள போட்டினம். நான் வெளியில இருக்கிறன்." றோசாவின் மூச்சு சிறிது இழுத்தது. "அவசரம் ஒண்டுமில்லை. உன்ர லிஸ்ட் நல்ல லிஸ்ட் எண்டு சொல்லத்தான் எடுத்தனான். இவ்வளவு காலம் இந்த ஊரில இருந்து..."

பின்னால் ஒரு பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு நிலத்தில் குந்தியது. வதனி அதன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் வந்திருக்கலாம்" என்றாள் றோசா.

அதைக் குத்தலாகத்தான் வதனி எடுத்துக்கொண்டாள். "வேலை மச்சாள். நான் பேந்து எடுக்கிறன்."

"ஓம், ஆறுதலா எடு."

பேந்து அவள் எடுக்கவில்லை. அன்று பின்னேரம் நினைத்தாள். அங்கே நேரம் போய்விட்டது என்று விட்டாள். அடுத்த நாள் நினைத்தாள்; அவர்கள் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள் என்று விட்டாள். ஒரு கிழமை போனதும், இனி எடுத்தால் ஏன் இவ்வளவு நாள் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டி வருமே என்று விட்டாள்.

திரும்பி வந்த நிரூபன் பழைய நிரூபனாக இல்லை. மின்தூக்கி திருத்தும் வேலை அவனுக்கு. களைத்து வந்தாலும் சாப்பாட்டு மேசையில் ஏதாவது கதை சொல்வான். அந்தக் கதைகள் நின்றுபோயின. சில நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். தான் கென்ட்டுக்கு வராததற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று வதனி நினைத்தாள். தானும் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் போயிற்று, பள்ளிக்கூடம் தொடங்கியது, மேப்பிள் இலைகள் சிவந்து கொட்டத் தொடங்கின.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை, சாமான் வாங்கப் போன கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நிரூபனுக்குப் போன் வந்தது. அருமைராசா. நிரூபன் "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு சொன்னான்.

றோசாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஏப்ரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஈரலுக்குப் பரவியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மே மாதத்தில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவள் நான்கு நாள் பிள்ளைகளோடு சுற்ற வேண்டும் என்று கேட்டது. நிரூபனுக்கே கென்ட்டிலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தின பின்னேரம்தான் சொன்னாளாம். இப்போது ஆஸ்பத்திரியில், நினைவு வந்து வந்து போகிறதாம்.

வதனிக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அக்கா சொல்லவேண்டாம் எண்டவ. இரக்கப்பட்டு ஒருத்தரும் தன்னோட கதைக்கவேண்டாமாம். தானா எடுத்துக் கதைச்சாக் கதைக்கட்டும் எண்டவ." நிரூபன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "பேந்து எடுக்கிறன் எண்டு நீ சொன்னனியாமே. நீ எடுப்பாய் எண்டு நான் மூண்டு மாதம் பாத்துக்கொண்டிருந்தன், வதனி."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் சத்தம் போடவில்லை.

அந்த இடத்திலிருந்தே அவள் அருமைராசாவுக்கு எடுத்தாள். றோசா மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள் என்றும், கண் விழித்தால் உடனே எடுக்கிறேன் என்றும் அவர் சொன்னார். சனி போய், ஞாயிறு முழுவதும் வதனி போனைக் கையை விட்டு வைக்காமல் திரிந்தாள். குளிக்கப் போகும்போதும் கதவருகில் வைத்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை அருமைராசா எடுத்தார். றோசா கண் விழிக்கவில்லை.

பிள்ளைகளை மீனாம்பிகை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். சவ அடக்கத்துக்கு நாற்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். றோசா சமையலறையில் வேலை செய்த முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளும் வந்து அழுதார்கள். வதனியை மற்றவர்களுக்கு, "கனடாவில இருந்து வந்திருக்கிற தம்பி பெண்சாதி" என்று அறிமுகப்படுத்தினார்கள். அவ்வளவு தூரம் வந்தாயே என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் வதனி நின்றாள்.

அடுத்த நாள் நிரூபன் கோயில் அலுவலாகப் பங்குச் சுவாமியாரைப் பார்க்கப் போயிருந்தான். அருமைராசா வீட்டுக்குள் இருக்க மாட்டாமல், ஊரைக் கொஞ்சம் பார்ப்போமா என்று வதனியைக் கேட்டார். அவர் ட்ராம் கழுவும் கொட்டிலில் இரவு வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். மறுக்க மனம் வராமல் அவளும் கிளம்பினாள். தூறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் படகுகள் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. எது எது என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கோபுரத்தைக் காட்டி மணிக்கூண்டு என்றார். அது மணிக்கூண்டு அல்ல, நிக்கலஸ் தேவாலயம் என்று வதனிக்குத் தெரியும். சொல்லவில்லை.

"நாங்கள் இந்த ஊரைப் பாக்கேல்லை, தங்கச்சி" என்றார் அவர். "வந்த நாளில இருந்து வேலை. அவ பகல், நான் இரவு. இருபத்திரண்டு வருசம் இந்தப் பாலத்தால ட்ராமில போய் வந்ததுதான். படகில ஏறினதில்லை, கோட்டைப் பக்கம் போனதில்லை. உங்கட பிள்ளையள் வந்தாப்பிறகுதான் அவ கென்ட்டைக் கண்டவ. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து எனக்குச் சொல்லுவா. கடைசி நாள் படகில போனது, பாலத்துக்குக் கீழ எல்லாரும் தலை குனிஞ்சது, எல்லாம் சொல்லுவா. ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ."

வதனி நடையை நிறுத்தவில்லை. நின்றால் அழுதுவிடுவாள் போல இருந்தது.

சிறிது தூரம் போனதும் அவர் மறுபடி பேசினார். அவளைப் பாராமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. "தான் உங்களோட என்ன பிழை விட்டதெண்டு அவவுக்குத் தெரியேல்லை. எத்தினையோ தரம் என்னட்டைக் கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல? உங்களுக்குத் தெரியுமெண்டாச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

சொல்லலாம். மரக்கட்டை என்ற அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்: தொலைபேசியின் மறுமுனையில் இருந்த இந்த மனிதர், சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்த அவள். அவருக்கு அது நினைவில்லை. எவனுக்கு நினைவிருக்கும்? இரவிரவாகக் கண்விழித்துக் களைத்த ஒருத்தி புருஷனிடம் சொன்ன ஒரு வரி. அதைவிட, அந்த வரியில் பொய் ஏதாவது இருந்ததா? பன்னிரண்டு வருடமாகத் தன்னைச் சுட்டது அது பொய் என்பதால் அல்ல என்று அந்தத் தூறலில் நடக்கும்போது வதனிக்கு முதல் தடவையாகத் துலக்கமாகத் தெரிந்தது. இப்போது இவரிடம் சொன்னால், செத்தவள் மேல் ஒரு குற்றத்தைத் தூக்கி வைத்து, அதை மிச்சக் காலம் இவரைச் சுமக்க விட்டுப் போனதாகத்தான் முடியும்.

"அவ ஒரு பிழையும் விடேல்லை அண்ணை" என்றாள். "பிழை என்னில."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோட்டைச் சதுக்கத்துக்கு வந்து, அங்கே போட்டிருந்த ஒரு வாங்கைத் துடைத்துவிட்டு அவளை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. நின்றபடி குடையைப் பிடித்திருந்தாள்.

மொன்றியலுக்குத் திரும்பி இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு கோபிகா வந்து காரில் ஏறினாள். முதல் பனி பொழிந்துகொண்டிருந்தது. வதனி காரைக் கிளப்பாமல், ஹீட்டரை மட்டும் போட்டுவிட்டு, மகளிடம் சொன்னாள். நீ பிறந்தபோது எனக்கு ஒரு வருத்தம் வந்தது, உன்னைத் தூக்க எனக்கு ஏலவில்லை, மூன்று மாதம் உன்னைக் குளிப்பாட்டிப் பால் தந்து வளர்த்தது மாமிதான் என்று சொன்னாள். அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னாள். கென்ட்டிலிருந்து மாமி எடுத்ததையும், தான் திருப்பி எடுக்காததையும் சொன்னாள். சொல்லிமுடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

கோபிகா சிறிது நேரம் துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் கேட்டாள். வீட்டில் அவள் தமிழ் பேசுவது குறைவு.

"அப்ப மாமியோட ஏன் கோவம்?"

"நான் செய்யவேண்டியதை அவ செய்தவ. அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு."

"மாமிக்கு அது தெரியுமோ?"

"இல்லை."

கோபிகா துவாயை மடித்து மடியில் வைத்தாள். ஏதாவது சொல்வாள் என்று வதனி காத்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன சொல்ல முடியும்? வதனி காரைக் கிளப்பினாள். அன்றைக்கும் அடுத்த நாளும் தாயோடு அளந்துதான் பேசினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது வழமை போலச் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட்டுக்கு வதனிதான் எடுக்கிறாள். அருமைராசா அதிகம் கதைக்க மாட்டார். என்ன சமைத்தீர்கள், குளிர் எப்படி, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்களா என்று அவள்தான் கேட்பாள். அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பதில் சொல்வார். சில ஞாயிறுகளில் அவர் போனை எடுப்பதில்லை. அப்போது அவள் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் எடுக்கிறாள்.